வலி போன இடம்

அத்தியாயம் பதினொன்று

செருப்பு இல்லாதது அத்தைக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? தெரிந்துதான் நடந்து வருகிறாள்.

ஜெபஷீலா ஜன்னலோரம் நின்று இதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

சாக்கடை கட்டுவதற்காகப் போடி பஜாரில் அந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எதிர்ச்சாரியில், ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் குடும்பத்துக் கிட்டங்கியிலிருந்து இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் ஜல்லியை மிதித்துத்தான் வர வேண்டும். மாமியார் கிருபாவதி அதன் மேல் நடந்து வந்தாள். வலது காலில் ரப்பர் செருப்பு. இடது கால் வெறுங்கால்.

அந்தக் கல்லில் யார் வெறுங்காலை வைத்தாலும் உடம்பு தானாக ஒரு பக்கம் வளையும். கிருபாவதி மளிகைக் கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி வந்தாள். கால் மட்டும், ஈரத் துணியைத் தரையில் அறைவது போல, பொத்துப் பொத்தென்று விழுந்தது.

பின்னால் ராஜாத்தி ஓடி வந்தாள். கிட்டங்கியில் காய் தரம் பிரிப்பவள். கையில் ஒற்றைச் செருப்பு.

"முதலாளியம்மா! ஏ முதலாளியம்மா! செருப்ப நடுத்தெருவுல விட்டுட்டு எங்கன பறக்குறீக?"

கிருபாவதி நின்று குனிந்து பார்த்தாள்.

"அட! எப்பக் கழண்டுச்சு?"

"என்னயக் கேட்டா? கால் உங்களுதா, என்னுதா?"

"வாயப் பாரு இவளுக்கு. இடுப்பு வலி போன சந்தோசத்துல கால் தரையில நிக்க மாட்டேங்குது. என்ன செய்யச் சொல்ற?"

இருவரும் சிரித்துக்கொண்டே படியேறி உள்ளே வந்தார்கள். ஜெபஷீலாவும் சிரிக்கப் பார்த்தாள். வெள்ளை டைல்ஸில், அத்தை வந்த வழியெல்லாம், இடது குதிகால் பட்ட இடங்களில் சிவப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது.

"அத்தை, கால்ல ரத்தம்."

"ஐயையோ, உன் தரையப் பாழாக்கிட்டேனே," என்றாள் கிருபாவதி. அவளுக்குத் தரையைப் பற்றி மட்டும்தான் கவலை.

*

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கிருபாவதி அந்தக் கிட்டங்கியில் தரையில் உட்கார்ந்து காய் பிரித்தவள். கூலிக்கு வரும் பெண்களோடு பெண்ணாக, காய் புடைக்கும் சொளகின் முன் குனிந்திருப்பாள். முதலாளி வீட்டில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தால்தான் வேலை ஓடும் என்பது மாமனார் தங்கபாண்டியின் எண்ணம். சும்மா இருக்கத் தெரியாதது அவளுடைய சுபாவம். அந்தக் குனிவு கடைசியில் இடுப்பிலேயே தங்கிவிட்டது.

பிசியோதெரபி படித்த மருமகள் வீட்டின் முன்னறையில் சிகிச்சை நிலையம் தொடங்கியபோது, "ஊராள் இடுப்பப் பிடிச்சுவிட்டா இந்தக் குடும்பம் பிழைக்கணும்?" என்று தங்கபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலையே கிருபாவதி வந்து, யாரும் கூப்பிடாமல், சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். "எனக்கு முதல்ல பாருத்தா" என்றாள். அந்த ஒரு செயலுக்காக ஜெபஷீலா அவளுக்கு எதையும் செய்யத் தயாராக இருந்தாள்.

குறைந்த சக்தி லேசர். பேனா போன்ற கைப்பிடி, நுனியில் சின்னச் சிவப்பு வெளிச்சம். இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். முதுகெலும்பின் இரு பக்கமும் இடம் இடமாக வைத்து எடுக்க வேண்டும். சுடாது, குத்தாது.

"சிலருக்கு இதுல வலி கொஞ்சம் கொறையும் அத்தை, கொஞ்ச நாளைக்கு. சிலருக்கு ஒரு மாத்தமும் இருக்காது. நான் சொல்லித் தர்ற பயிற்சிதான் முக்கியம்."

வருகிற எல்லோரிடமும் அவள் சொல்வதுதான். கிருபாவதி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையின் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, தன் இடுப்பு வலி பூராவும் போய்விட்டதாகச் சொன்னாள். மறுநாளிலிருந்து முன்னறையில் உட்கார இடமில்லை. கணவன் முத்துராஜா அந்த வேகத்திலேயே சின்னமனூரில் இரண்டாவது நிலையத்துக்கு இடம் பிடித்துவிட்டான். நாளை ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெபித்துத் திறந்து வைக்கிறார். கிருபாவதி வலி போனதைப் பற்றிச் சாட்சி சொல்கிறாள்.

நேற்று மாமனார் போனில் யாரிடமோ "எங்க டாக்டரு" என்றார். ஜெபஷீலா அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். உலை பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

வலி போய்விட்டது என்று அத்தை சொன்னபோது அவளுக்கும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஏன் போனது என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது தரையில் உட்கார்ந்து, அத்தையின் குதிகாலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தாள். வெட்டு ஆழமாக இருந்தது. உள்ளே ஒரு கல் துணுக்கு. அதை இடுக்கியால் எடுத்தாள். ஸ்பிரிட்டை வைத்து அழுத்தினாள்.

கிருபாவதி மேலே பார்த்து ராஜாத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நீலப் பட்டக் கட்டட்டா, இல்ல அந்தக் கருகப்பச்சையா?"

"எரியலையா அத்தை?"

"எரியலையே. உன் கை அப்படி."

"கைராசின்னா கைராசி," என்றாள் ராஜாத்தி. "டாக்டரம்மா, எனக்கும் இன்னைக்கு அந்த லைட்டக் கொஞ்சம் கூடப் பிடிங்க. நானும் முதலாளியம்மா மாதிரி செருப்பில்லாம ஓடணும்."

"நீ சாயங்காலம் வா ராஜாத்தி."

"இப்பத்தான வரச் சொன்னீக?"

"சாயங்காலம் வா."

குரல் தன்னை மீறி உயர்ந்ததை ஜெபஷீலா உணர்ந்தாள். ராஜாத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செருப்பை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

போன் அடித்தது. முத்துராஜா.

"ஜெபா, பிளெக்ஸ் கட்டியாச்சு. சூப்பரா இருக்கு. அம்மா அங்கன வந்தாச்சா? லைட் பிடிக்கிறத வீடியோ எடுக்கணும். நாளைக்கு சாட்சி சொல்றப்ப பின்னால ஓடவிடலாம். வந்துக்கிட்டே இருக்கேன்."

"என்னங்க, அத்தைய நான் முழுசாப் பரிசோதிக்கணும்."

"என்னத்துக்கு? அதான் சரியாயிருச்சே."

"சரியாயிருச்சான்னுதான் பாக்கணும்."



"ஜெபா, நேத்து அப்பா போதகர்கிட்ட என்ன சொன்னாக தெரியுமா? என் மருமக கைய ஆண்டவர் ஆசீர்வதிச்சிருக்காருன்னாக. எங்கப்பா! வாயத் தொறந்து! நீ இப்பப் போயி எதையும் கிளறாத."

*

அவள் வாசல் கதவைச் சாத்தினாள். திரையை இழுத்துவிட்டாள். அத்தையைக் கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்தாள்.

"என்னத்தா, லைட்டுன்னா குப்புறத்தான படுக்கணும்?"

"லைட்டு அப்புறம். கண்ண மூடிக்கங்க. பஞ்சால தொடுவேன். தொட்டவுடனே ம்னு சொல்லணும்."

"சின்னப் புள்ளைக விளையாட்டுல்ல இது?"

"ஆமா அத்தை. விளையாட்டுத்தான்."

வலது பாதம். "ம்." வலது கணுக்கால். "ம்." வலது முழங்கால். "ம். கூசுது."

இடது பெருவிரல்.

இடது பாதத்தின் வெளியோரம். உள்ளங்கால். கெண்டைக்காலின் பின்புறம்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஜல்லி கொட்டும் லாரியின் இரைச்சல். ஜெபஷீலா பஞ்சைத் தொடையின் பின்பக்கம் கொண்டுபோனாள். லேசாகத் தொட்டாள். பிறகு அழுத்தினாள்.

"என்னத்தா," என்றாள் கிருபாவதி கண் திறக்காமல், "இன்னும் தொட ஆரம்பிக்கலையா?"

ஜெபஷீலா பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தாள். 

"கட்டை விரல மேல தூக்குங்க அத்தை. இடது காலு."

"ம்."

விரல் அசையவில்லை.

"தூக்குங்க."

"தூக்கிட்டேன்ல?"

விரல் அப்படியே கிடந்தது. மெட்டி மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கியது.

இந்தப் பரிசோதனையை அவள் எல்லோருக்கும் முதல் நாளே செய்வாள். ராஜாத்திக்குச் செய்திருக்கிறாள். ஜீப்பில் மலையேறித் தோட்ட வேலைக்குப் போய்வரும் பெண்களுக்குச் செய்திருக்கிறாள். அத்தைக்குச் செய்யவில்லை. காலைத் தொடப் போனபோது, "முதுகோட நிறுத்திக்கத்தா, காலெல்லாம் வேண்டாம்" என்று அத்தை கூச்சப்பட்டாள். மரியாதை என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான். மாமியாரிடம் அவற்றை எந்த வாயால் கேட்பது?

இப்போது கேட்டாள்.

"அத்தை, ஒண்ணுக்குப் போறதுல ஏதாச்சும் மாத்தம் இருக்கா?"

கிருபாவதி கண்ணைத் திறந்தாள். உத்தரத்தையே பார்த்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"வயசானா எல்லாருக்கும் உள்ளதுதான."

"எது அத்தை?"

"விடேன்."

"அத்தை."

கிருபாவதி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு உத்தரத்திடம் சொல்வது போலச் சொன்னாள்.

"வியாழக்கிழமயிலருந்து வர்றதே தெரிய மாட்டேங்குது. சேல நனைஞ்சப்புறம்தான் தெரியுது. துணி கட்டியிருக்கேன். விடியுமுன்ன எந்திரிச்சு நானே அலசிப் போட்டுர்றேன். உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது."

"உட்கார்ற இடம்? அங்கன தொட்டாத் தெரியுதா?"

"பஞ்சுப் பொதி மேல உக்காந்த மாதிரி இருக்கு." சட்டென்று திரும்பி மருமகளைப் பார்த்தாள். "அது நல்லதுதான? பல் புடுங்கப் போனப்ப ஊசி போட்டாகள்ல, மொதல்ல மரத்துச்சு, அப்புறம் வலியே இல்ல. உன் லைட்டும் அப்படித்தான்னு நெனச்சேன். மொதல்ல இடுப்பு மரத்துச்சு. அப்புறம் தொடை, அப்புறம் காலு. வலி மேலருந்து கீழ எறங்கி வெளிய போகுதுன்னு இருந்தேன். இல்லையா?"

அந்த "இல்லையா?" அறையில் நின்றது.

கல்லூரியில் ஒரு பேராசிரியை இதை மட்டும் கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லியிருந்தார். வேறு எதற்கும் காத்திருக்கலாம், இதற்குக் கூடாது. பரீட்சைக்காகப் படித்து எழுதி மதிப்பெண் வாங்கிய வரி. அது இப்படி, நீலப் பட்டா கருகப்பச்சையா என்று கேட்டுக்கொண்டு தன் வீட்டுக் கட்டிலில் வந்து படுக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அத்தை, இது லைட்டு செஞ்சதில்ல. லைட்டால சரியாகுறதும் இல்ல. இடுப்பெலும்புக்கு நடுவுல இருக்குற வட்டு பிதுங்கி உள்ள இருக்குற நரம்புக் கத்தைய நசுக்குதுன்னு எனக்குத் தோணுது. வலியச் சொல்ற நரம்பே அமுங்கிப் போச்சு. அதான் வலி தெரியல. இன்னைக்கே, இப்பவே மதுரைக்குப் போகணும். ஸ்கேன் பாத்துட்டு டாக்டருக சொல்லுவாக. அநேகமா உடனே ஆபரேஷன் இருக்கும்."

"ஆபரேஷனா?"

"தள்ளிப்போட்டா காலு திரும்ப வராமப் போகலாம். சேல நனையிறதும் அப்படியே தங்கிப் போயிரலாம், கடைசி வரைக்கும்."

கிருபாவதியின் கை எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பெரிய, காய்த்துப்போன கை. விரலிடுக்குகளில் ஏலக்காய் வாசம். 

"முதுகுல கத்தி வச்சவக யாரு எந்திரிச்சு நடந்தாக? எங்கக்கா படுத்தே கெடந்து செத்தா. எனக்கு அந்தப் பயம்தான் ஜெபா. அந்தப் பயத்துலதான் உங்கிட்ட மொத ஆளா வந்து படுத்தேன். கத்தியில்லாம ஒரு லைட்டுன்னு சொன்னியே, அதுக்காகத்தான் வந்தேன்."

தனக்காக வந்து படுத்தாள் என்று ஜெபஷீலா இத்தனை நாள் நம்பியிருந்தாள். அது கொஞ்சம் வலித்தது. ஆனால் வலிக்க நேரமில்லை. இந்தப் பெண் இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தாள் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அவளுக்குள்ளும் பயம் வேறு வேறு குரலில் பேசத் தொடங்கியிருந்தது. லைட்டு பிடித்துத்தான் கால் போனது என்பார்கள். ராஜாத்தி சொல்வாள். கிட்டங்கி முழுக்கச் சொல்லும். மாமனார் எதுவும் சொல்ல மாட்டார். "எங்க டாக்டரு" என்று சொன்ன வாயை மூடிக்கொண்டு கணக்குப் பார்க்கப் போய்விடுவார். மருமகள் கையில் இருந்துகொண்டே இது வளர்ந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதில் பொய் எது?

ஒரு நாள்தான் என்றது இன்னொரு குரல். நாளை மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாளை மாலை மதுரைக்குப் போகலாம். வியாழனிலிருந்து இருந்தது இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே. யாருக்குத் தெரியப் போகிறது?

அந்தக் குரல் மிகவும் நியாயமாக, வீட்டு மனிதரின் குரலாக இருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

வாசலில் கார் நின்றது. கதவு திறந்தது.

"ஜெபா! என்ன, கதவச் சாத்தி வச்சிருக்க? ரெடியா?" முத்துராஜாவின் குரல் உற்சாகமாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். "மெஷின ஆன் பண்ணிட்டுக் கூப்பிடு. கண்ணாடியெல்லாம் போட்டுக்கங்க. அம்மா, கேமராவப் பாக்கக் கூடாது, சரியா? சும்மா இயற்கையா இருக்கணும்."

"சரிப்பா," என்றாள் கிருபாவதி. அவள் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று ஜெபஷீலாவுக்குப் புரியவில்லை.

மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் இறுகின. கிருபாவதி மறு கையை ஊன்றிப் புரண்டு குப்புறப் படுத்தாள். இடது கால் தானாகத் திரும்பவில்லை. அதைக் கையால் இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். முகத்தை மருமகள் பக்கம் திருப்பி, உதடு மட்டும் அசைகிற மாதிரிப் பேசினாள்.

"லைட்டப் போடுத்தா. அவன் எடுத்துட்டுப் போகட்டும்."

"அத்தை..."

"நாளைக்கு ஒரு பொழுது. நின்னுக்கிட்டுத்தான பேசணும், நிப்பேன். திங்கக்கிழம நீ எங்கன கூப்பிட்டாலும் வர்றேன், கத்தியே வச்சாலும் சரி. அவன்ட்டப் போயி சேல நனைஞ்ச கதையச் சொல்லுவியா? ஆம்பளப்புள்ள. பெத்தவளப் பத்தி அவன் காதுல அதப் போடுவியா?" மூச்சு வாங்கினாள். "நான் பொண்ணு பெறாதவ. நீதான் எனக்குப் பொண்ணு. இத்தன நாள் சொன்னதில்ல. இப்பச் சொல்றேன்."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜெபஷீலா காத்திருந்த சொல் அது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகாமல் இங்கேயே இருந்தபோது காத்திருந்தாள். மாமனார் முகம் திருப்பியபோதெல்லாம் காத்திருந்தாள். இப்போது வந்துவிட்டது. அவளுடைய மறு கை, அவளை அறியாமலே, லேசரின் கைப்பிடியை எடுத்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் எரியும். மகன் படம் பிடிப்பான். அத்தையின் முதுகில் அது எந்த நன்மையும் செய்யாது, எந்தத் தீமையும் செய்யாது. நேரம் மட்டும் போகும்.

"அம்மா, என்ன குசுகுசுன்னு? மாமியாரும் மருமகளும் என்னையப் பத்திப் புறம் பேசுறீகளா?" முத்துராஜா வெளியே சிரித்தான். "ரெடியா, இல்லையா?"

கிருபாவதியின் கண்கள் அவளையே பார்த்தன. மறுபடியும் உதடு அசைந்தது. "போடு."

ஜெபஷீலா கைப்பிடியைத் தாங்கியில் திருப்பி வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களை மெதுவாக விடுவித்து, அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். தன் உள்ளங்கைச் சூடு அத்தைக்குத் தெரியும். இந்தக் கையில் தொடுகை இன்னும் தெரிகிறது.

திரையின் ஓரத்தில் முத்துராஜாவின் விரல்கள் தெரிந்தன.

"போட மாட்டேன் அத்தை," என்றாள் அவள், அத்தைக்கு மட்டும் கேட்கிற குரலில்.